திங்கட்கிழமை வீடு

எங்கள் கடமத் தீவில் சொத்துக்குக் கிழமை உண்டு. தரவாடு என்கிற கூட்டுக்குடும்பத்துக்கே பொதுவானது, தாய்வழியில் பெண்பிள்ளைகளுக்கு இறங்குவது, ஒருத்தர் நினைத்தால் யாருக்கும் தூக்கிக் கொடுக்க முடியாதது வெள்ளிக்கிழமைச் சொத்து. ஒருத்தன் தன் கையால் சம்பாதித்தது, இல்லை தரவாட்டுப் பெண்கள் சம்மதித்து அவனுக்கென்றே கொடுத்தது, பெண்டாட்டி பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கண்மூடக்கூடியது திங்கட்கிழமைச் சொத்து. ஏன் வெள்ளி, ஏன் திங்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். சின்ன வயதில் நான் கேட்டதற்கு, "தேங்கா ஏன் உருண்டையா இருக்கு? போய் மட்டையை அடி" என்றாள் உம்மா.

நான் இருப்பது வெள்ளிக்கிழமை வீடு. நாங்கள் நான்கு அக்கா தங்கச்சிகள், எங்கள் பிள்ளைகள் என்று பதினேழு உருப்படி, ஒரே கிணறு. எங்கள் புருஷன்மார் அவரவர் உம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு இங்கே படுக்க வருவார்கள். சோறு அங்கே, சண்டை இங்கே. ஆனாலும் இந்த வீட்டிலிருந்து என்னைப் போ என்று சொல்ல ஒருத்தனுக்கும் நாக்கு வராது. இதை ஒரு பெரிய விஷயமாக நான் நினைத்ததே கிடையாது. அடுத்த வளவில் கதீஸா ராத்தா பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

கதீஸா ராத்தாவுக்குச் சொந்த ஊர் அமினி. அவள் உம்மா வீடு, அவளுடைய வெள்ளிக்கிழமை எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். கட்டிக்கொண்டது எங்கள் தீவின் மேலாப்புரைத் தரவாட்டு நல்லகோயாவை. முறைப்படி அவர்தான் தினமும் அவள் வீட்டுக்குப் போய் வரவேண்டும். ஒவ்வொரு நாளும் ஓடம் ஏறி அமினிக்குப் போய் வர முடியுமா? அதனால் அவர் தரவாட்டு வளவு ஒன்றில் ஒரு வீடு கட்டி அவளை இங்கே கூட்டிவந்தார். முப்பத்து நான்கு வருஷம் ஆகிறது. அவர் மவுத்தாகிப் பன்னிரண்டு வருஷம்.

புருஷன் வளவில் வந்து இருக்கிற பெண்ணை எங்கள் தீவு ஒரு மாதிரிதான் பார்க்கும். நானும் பார்த்திருக்கிறேன், பொய் சொல்வானேன். அவளும் அதற்கேற்ப ஒடுங்கியே இருந்தாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும் என்றால் நல்லகோயாவின் தங்கச்சி முத்துபியிடம் போய்க் கேட்பாள். அடுப்படியில் ஒரு ஜன்னல் வைத்தபோது கேட்காமல் வைத்துவிட்டாள். முத்துபி வாசலில் நின்று, "யாரைக் கேட்டு மைனி வச்சே?" என்று கேட்ட கேள்வி இரண்டு வளவு தாண்டிக் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு ஆணி அடிக்கவும் ராத்தாவின் கை நீளவில்லை. அவள் மகள் சபூராவைத் தொட்டில் கட்டி ஆட்டியது வீட்டு உத்தரத்தில் இல்லை. முற்றத்துப் பூவரச மரத்தில். மழை வந்தால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தச் சபூரா இப்போது ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. பிரசவம் உம்மா வீட்டில்தான். இந்த நேரம் பார்த்துத்தான் ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகை முடித்துக்கொண்டு மேலாப்புரைத் தரவாட்டுக்குத் தலைவரான காரணவர் ஷேக்கோயா வந்தார்.

ஷேக்கோயா கெட்ட மனிதர் இல்லை. எழுபது வயது, எந்த வார்த்தையையும் மென்று மென்றுதான் துப்புவார். ராத்தா கொடுத்த சக்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தென்னைகளைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். முத்துபி மகள் ரஹ்மத்துக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. தரவாட்டு வீட்டில் அறை இல்லை. மாப்பிள்ளை வந்து தங்க ஒரு இடம் வேண்டும். இந்த வீடு தரவாட்டுடையது, கவரத்தி ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் அப்போதைய பெரிய காரணவர் பேரில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்தில் ராத்தா ஒழித்துக் கொடுக்கவேண்டும். அமினியில் அவளுக்கும் தரவாடு உண்டல்லவா என்று கேட்டார்.

"இந்த வளவு அவருக்கு ஒங்க பெரிய காரணோர் திங்கட்கிழமையாக் கொடுத்தது காக்கா," என்றாள் ராத்தா. "மங்களூர்லருந்து பாய்மரம் ஒடிஞ்ச ஓடத்தைக் கரை சேத்துக் கொண்டாந்தாருல்ல, அதுக்காக."

தானும் அப்படித்தான் கேள்விப்பட்டதாக ஷேக்கோயா ஒத்துக்கொண்டார். ஆனால் அப்போது அவர் மங்களூரில் கயிற்றுக் கிட்டங்கியில் இருந்தார், கண்ணால் காணவில்லை. சர்வே வந்தபோது நல்லகோயா ஏன் தன் பேரைச் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்டார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? சர்வேக்காரன் சங்கிலியோடு வந்து "இது யாருடையது" என்று கேட்டபோது பெரிய காரணவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். தாய்மாமனான காரணவர் நிற்கும்போது மருமகன் தன் பேரைச் சொல்வானா? நல்லகோயா மரியாதையாகக் கையை அவர் பக்கம் காட்டியிருக்கிறார். அந்த வருஷம் தீவு முழுக்க எல்லா மருமகன்களும் அப்படியே கையைக் காட்டித் தொலைத்தார்கள். அந்த மரியாதையின் பலனை இப்போது இவள் அனுபவிக்கிறாள்.

"குறி போட்ட மரம் இருந்தாலாவது நாலு பேர்கிட்ட சொல்லலாம்," என்றார் ஷேக்கோயா. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து தரவாட்டுக்காரர்கள் இங்கேயே கூடிப் பேசிவிடலாம் என்று சொல்லி எழுந்து போனார்.

மரக்குறிதான் எங்களுக்குப் பத்திரம். ஒவ்வொரு தரவாட்டுக்கும் ஒரு குறி. மேலாப்புரைக்கு மீன்முள் மாதிரி நடுவே ஒரு கோடு, இரண்டு பக்கமும் மும்மூன்று வெட்டு. ஒருவனுக்குத் திங்கட்கிழமையாகக் கொடுத்தால் அந்தக் குறிக்குக் கீழே அவன் தன் கையால் ஒரு கோடு கீறவேண்டும். தென்னை மற்ற மரம் மாதிரி காயத்தை ஆற்றி மூடிக்கொள்ளாது. வெட்டியது வெட்டியபடி கிடக்கும். ராத்தா இந்த வீட்டுக்கு வந்த நாளில் வாசலோரத் தென்னையில் மீன்முள்ளும் கோடும் இருந்ததைப் பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தத் தென்னை ஆறு வருஷத்துக்கு முந்தின பெருங்காற்றில் விழுந்துவிட்டது. வளவில் இப்போது நிற்கிற நாற்பத்தொரு மரமும் அவளே குழி தோண்டி, மாசிமீன் கழுவிய தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. ஒன்றிலும் குறி இல்லை. புருஷன் போன பிறகு கத்தி எடுத்துக் குறி போட அவளுக்குத் தைரியமில்லை. யாரைக் கேட்டு என்று ஒருத்தி வந்து நிற்பாளே.

விழுந்த மரத்தை ஆண்கள் அன்றே அறுத்துப் பங்கு போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு துண்டு தோணி இழுக்கிற உருளைக்குப் போனது, ஒன்று கிணற்றின் மேல் போட, மிச்சம் எங்கெங்கோ. சனிக்கிழமை காலையில் ராத்தாவும் நானும் மேற்குக் கரைக்குப் போய் ஒவ்வொரு தோணிக்கு அடியிலும் குனிந்து குனிந்து தேடினோம். சூரை அறுத்துக்கொண்டிருந்த ஆண்கள், "என்ன, ரெண்டு பேரும் தோணி வாங்கப் போறீங்களா?" என்று கேலி பண்ணினார்கள். ஆமாம், உங்களையும் சேர்த்துத்தான் விலை பேசுகிறோம் என்றேன். உருளைகள் இழுத்து இழுத்துத் தேய்ந்து வழவழவென்று இருந்தன. கிணற்றுத் துண்டிலும் ஒன்றும் இல்லை.

"விடு ஆயிஸா," என்றாள் ராத்தா. "அல்லா எழுதினது எதுவோ அது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அவளாக இருந்தால் முத்துபியின் வாசலில் போய் நின்று தீவே கூடுகிற மாதிரி கத்தியிருப்பேன். நல்லகோயாவுக்கு இருந்த ஒரே தங்கச்சி அவள். அவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? இதைச் சொன்னதற்கு ராத்தா, "அவளுக்கும் மகள் இருக்கா ஆயிஸா" என்றாள்.

அந்த வாரம் முழுக்க வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கயிறு திரிக்க வருஷத்துக்கு மேல் தேங்காய் மட்டை ஊறின குழியைத் திறந்திருந்தோம். நீர் வற்றுகிற நேரம் பார்த்து இடுப்பளவுக் கடலில் இறங்கி, மேலே அடுக்கின கற்களைத் தள்ளி, கறுத்துப்போன மட்டைகளை வலையில் கட்டி இழுத்து வரவேண்டும். அந்த நாற்றத்தைப் பழகாதவர்கள் தாங்கமாட்டார்கள். எங்களுக்கு அது வெள்ளைக் கயிற்றின் வாசனை. திறந்துவிட்டால் நிறுத்த முடியாது, மட்டை காய்ந்தால் நார் சிவந்துவிடும். வீடு போகப்போகிறதே என்று யாரும் உட்கார்ந்து அழ முடியாது. ராத்தா காலையில் ஈரப்பலாவை அவித்துத் தேங்காய்ப் பூவோடு சபூராவுக்குக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரைக்கும் அடிப்பாள். எதிரே உட்கார்ந்து நானும் அடிப்பேன். நடுவே ஒரு தென்னங்கட்டை, அதன்மேல் மட்டை, இரண்டு பேர் கையிலும் கொட்டாப்புளி.

வெள்ளிக்கிழமை காலை. அடித்து அடித்துக் கட்டையின் நடுவில் குழி விழுந்திருந்தது. மட்டை அதில் போய் உட்கார்ந்துகொள்ள, அடி சரியாக விழவில்லை, நாரில் ஒட்டின சோறு உதிரவில்லை. எனக்கு ஏற்கெனவே ஆத்திரம், இதில் கட்டை வேறு. "இந்தச் சனியனைப் புரட்டிப் போடு ராத்தா, அடிப்பக்கமாவது நேரா இருக்கான்னு பாப்போம்," என்றேன்.

கட்டை பாதி மணலில் புதைந்து கிடந்தது. இரண்டு பேரும் காலை ஊன்றி நெம்பினோம். ஒரு உறிஞ்சலோடு மணலை விட்டுப் புரண்டது. ஈர மணல் அப்பியிருந்த அடிப்பக்கத்தை ராத்தா உள்ளங்கையால் வழித்தாள். வழித்த கை அப்படியே நின்றது.

மீன்முள். நடுவே ஒரு கோடு, இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அதன் கீழே குறுக்காக ஒரு கோடு.

ஆண்கள் அன்றைக்குப் பங்கு போட்டபோது வளவிலேயே விட்டுப்போன துண்டு; ஆறு வருஷமாக அதன் தலையில்தான் இரண்டு பேரும் அடித்திருக்கிறோம். போன மழைக்காலத்தில் விறகு தீர்ந்தபோது அந்தக் கட்டையைத் தா, பிளந்து எரிக்கிறேன் என்று நான் கேட்டிருக்கிறேன். அவள் கொடுக்காமல் விட்டதற்கு அன்றைக்கு முகத்தைத் தூக்கிக்கொண்டும் போயிருக்கிறேன்.

நான் கத்தப்போனேன். ராத்தா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அழவில்லை, சிரிக்கவில்லை. கோணியை எடுத்து அந்தக் குறியின்மேல் போட்டு மூடினாள். "மட்டை காயுது, அங்க அந்தக் கல்லுமேல வச்சு அடி," என்றாள். இப்படியும் ஒரு பெண்பிள்ளை.

ஜும்ஆ முடிந்து வந்தார்கள். ஷேக்கோயா, தரவாட்டு ஆண்கள் மூன்று பேர், அவர்களுக்குப் பின்னால் முத்துபி. முத்துபி யார் முகத்தையும் பார்க்காமல் பூவரசுக்கடியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். சபூரா வாசற்படியில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னை யாரும் அழைக்கவில்லை. அழைத்தால்தான் வருவேன் என்று நான் எப்போது சொன்னேன்?

ராத்தா போய்க் கோணியை எடுத்தாள்.

ஆண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கழுவினார். ஷேக்கோயா கண்ணாடியைப் போட்டு, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். மீன்முள் தங்களுடையதுதான் என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு அவர் தாடியைத் தடவிக்கொண்டு, நின்ற மரமாக இருந்தால் ஒரு வார்த்தைக்கு இடமில்லை, இது கிடக்கிற கட்டை, எந்த வளவிலிருந்தும் உருண்டு வந்திருக்கலாம், அந்தக் கோடும் எந்த மருமகனுடைய கோடோ என்றார். மேலாப்புரையில் திங்கட்கிழமை வாங்கினவர்கள் வேறு இரண்டு பேரும் உண்டாம். நியாயமாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ராத்தா நேராகப் பூவரசுக்கடிக்குப் போய் முத்துபியின் எதிரில் உட்கார்ந்தாள். முப்பத்து நான்கு வருஷத்தில் அவள் முத்துபி முகத்தை அப்படி நேருக்கு நேர் பார்த்து நான் கண்டதில்லை.

"முத்துபி, நீ வந்து அதைப் பாரு. பாத்துட்டு எனக்குத் தெரியாதுன்னு நீ சொன்னா, நாளைக்கே நான் சபூராவைக் கூட்டிக்கிட்டு அமினிக்குத் தோணி ஏறிடுறேன். நீ பொய் சொல்றேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்."

முத்துபி வெற்றிலையை மடித்தபடியே இருந்தாள். சபூராவைப் பார்த்தாள். அந்த வயிற்றைப் பார்த்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, கட்டையிடம் வந்து குனிந்தாள். மீன்முள்ளை அவள் தொடவே இல்லை. கீழே இருந்த கோட்டில் விரலை வைத்து இடமிருந்து வலமாக ஓட்டினாள். வலது முனையில் அந்தக் கோடு சட்டென்று கீழே சரிந்து ஒரு சாண் தூரம் இறங்கியிருந்தது. நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"கத்தி வழுக்கிருச்சு," என்றாள்.

விரலை அந்தச் சரிவிலேயே வைத்துக்கொண்டு நிமிராமலே சொன்னாள்.

"எங்க நல்லகோயா காக்காவுக்குக் கத்தி வழுக்கிருச்சு. இடது கட்டைவிரல் எலும்பு தெரிஞ்சுது. நான்தான் என் தலைத் தட்டத்தைக் கிழிச்சுக் கட்டினேன், பச்சைத் தட்டம், புதுசு. உம்மாவும் மூத்தும்மா ரெண்டு பேரும் நின்னாங்க. அவங்க மூணு பேரும் சரின்னு சொன்ன பிறகுதான் பெரிய காரணோர் கத்தியைக் கையில கொடுத்தாரு." அவள் நிமிர்ந்து ஷேக்கோயாவைப் பார்த்தாள். "இது இந்த வாசல்ல நின்ன மரம். காக்கா கோடு. இது அவரோட திங்கட்கிழமை."

"நீ ஏன் முத்துபி இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்டார் ஷேக்கோயா.

"ரிஜிஸ்டரைக் கேட்டீங்க, மரத்தைக் கேட்டீங்க. என்னை யாரு கேட்டா?" என்று வெடித்தாள். அடுத்த நிமிஷமே குரல் இறங்கிவிட்டது. "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். என் மவளுக்கு ஒரு அறை வேணும் காரணோரே. நான் வேற என்ன செய்வேன்?"

இப்படி முகத்துக்கு நேராக ஒத்துக்கொள்கிறவளை என்ன செய்வது? எனக்கு அவள்மேல் இருந்த ஆத்திரம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஷேக்கோயா கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். தரவாட்டுப் பெண் கண்ணால் கண்டதைச் சொன்ன பிறகு பேசுவதற்கு ஒன்றுமில்லை, இந்த வீடு நல்லகோயாவின் திங்கட்கிழமை, அவருக்குப் பின் கதீஸாவுக்கும் சபூராவுக்கும் உரியது, கவரத்திக்கு எழுத்து தானே கொடுப்பதாகவும் சொன்னார். மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். சபூரா வாசற்படியிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வந்தது என்று தெரியாமலே.

ராத்தா மட்டும் உள்ளே போய்க் கிலாஞ்சி அப்பமும் தேங்காய்ப்பாலும் எடுத்து வந்து எல்லோருக்கும் வைத்தாள். காலையிலேயே சுட்டு வைத்திருக்கிறாள். தீர்ப்பு எப்படிப் போனாலும் வந்தவர்கள் வெறும் வயிற்றோடு போகக்கூடாதாம். முத்துபியின் தட்டில் இன்னும் இரண்டு கிலாஞ்சியைப் போட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒங்க வீட்டு வடக்குப் பக்கம் இடம் கிடக்குதுல்ல. ரஹ்மத்துக்கு அங்க ஒரு அறை எடுங்க. உத்தரத்துக்கும் கைமரத்துக்கும் இங்க வந்து நாலு தென்னை வெட்டிக்கங்க. முத்தின மரமாப் பாத்து நானே காட்டுறேன்."

ஷேக்கோயா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "ஒனக்கு வருமானம் அந்தத் தென்னைதானே கதீஸா? ஒரு தடவை யோசிச்சுக்க."

"என் மரம்தானே காக்கா," என்றாள் ராத்தா. சொல்லிவிட்டு அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கிறவள் மாதிரி உதட்டைத் தொட்டுக்கொண்டாள்.

முத்துபி குனிந்த தலையோடு எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள்.

அவர்கள் கிளம்பின பிறகு நான் கட்டையைக் குறி மேலே தெரிகிற மாதிரி உள்ளே தூக்கி வைக்கலாம் என்றேன். அதை அப்புறம் பார்க்கலாம், உங்கள் வீட்டுச் சுத்தியலைக் கொண்டுவா என்றாள் ராத்தா. போய் எடுத்து வந்தேன். அவள் அரிசி டின்னுக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே ஒரு இரும்புக் கொக்கி, கட்டைவிரல் தடிமன். சபூரா பிறக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் நல்லகோயா மங்களூரிலிருந்து வாங்கி வந்த தொட்டில் கொக்கியாம். துரு ஏறாமல் முப்பது வருஷமாக எண்ணெய் தடவித் தடவி வைத்திருக்கிறாள். ஒரு தடவையாவது என்னிடம் காட்டியிருக்கிறாளா? அழுத்தக்காரி.

பெட்டியின்மேல் ஏறி நின்று நடு உத்தரத்தில் கொக்கியின் முனையை வைத்தாள். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவது அடியில் முனை மரத்துக்குள் இறங்கியது. உத்தரத்திலிருந்து பழைய தூசி எங்கள் தலையில் கொட்டியது.

முத்துபி இன்னும் வளவைத் தாண்டவில்லை போலிருக்கிறது. சத்தம் கேட்டதும், பழக்க தோஷமோ கேலியோ தெரியவில்லை, வாசலோரமிருந்து அவள் குரல் வந்தது.

"யாரைக் கேட்டு மைனி அடிக்கிறே?"

ராத்தா கையை ஓங்கியபடி என்னைக் குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் தூசி, அதற்குள் சிரிப்பு.

"ஒருத்தரையும் கேக்கல முத்துபி," என்று உள்ளேயிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டு, மறுபடி அடித்தாள்.